கருணை மனு யாருக்குப் போகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நவீன அரசின் இறையாண்மை, அதாவது அதன் உச்ச அதிகாரம், இறையியலை, அதாவது கடவுளைப் பற்றிய சிந்தனையை, உதறிவிட்டு வந்துவிட்டது என்று எதிரணித் தலைவர் முழங்கினார். ஒரு சான்றும் காட்டினார். 1949 அக்டோபர் 17 அன்று, அரசமைப்பின் முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றுப்போனது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். கடவுளின் பெயர் உள்ளே வரவில்லை. அவர் பார்த்துவந்த வேலை? அதற்குத்தான் அதே அரசமைப்பில் ஆள் போட்டிருக்கிறோமே!

72ஆம் பிரிவைப் புரட்டுங்கள். உச்ச நீதிமன்றமும் தூக்கை உறுதி செய்தபின் ஒரு கைதி குடியரசுத் தலைவருக்கு மனு எழுதுகிறார். அதை மேல்முறையீடு என்றா சொல்கிறோம்? 'கருணை மனு' என்கிறோம். மேல்முறையீட்டில் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். கருணையை வாதாடி வாங்க முடியுமா? சந்நிதியில் நிற்பதுபோல நின்றுதான் கேட்க வேண்டும். அமைச்சரவை சொல்படிதானே முடிவு என்பீர்கள். இருக்கட்டும். காலம் கடத்தினால் நீதிமன்றம் தலையிடும், அதுவும் உண்மை. ஆனால் "எனக்கு ஏன் இரங்கவில்லை?" என்று வழக்குப் போட எந்த நீதிமன்றத்தில் இடமிருக்கிறது?

1922இல் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் இதைத்தான் எழுதினார்: நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியக் கருத்துகள் எல்லாம் வேட்டி மாற்றிக்கொண்ட இறையியல்தான். வேட்டி என் சேர்க்கை. இறையியலில் அற்புதம் எப்படியோ, சட்டத்தில் நெருக்கடி நிலை அப்படி என்றார்; இரண்டிலும் வழக்கமான விதி நின்றுபோகிறது. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த ஆள் அவர், எனக்கும் பிடிக்காது. ஆனால் 1975இல் இங்கே என்ன நடந்தது? நெருக்கடி நிலை தேவை என்று குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால் அதுவே இறுதி, எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது என்றது 38வது திருத்தம். கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்று அதற்குமுன் யாரை ஐயா சொல்லிக்கொண்டிருந்தோம்? அந்த வரியை எடுக்க 1978இல் 44வது திருத்தம் வர வேண்டியிருந்தது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழில் 'இறை' என்றால் கடவுள், 'இறை' என்றால் அரசன். கட்டுகிற வரிக்கும் அதே பெயர்தான், அந்த வலி தனி. எதிரணித் தலைவர் 'இறையாண்மை, இறையாண்மை' என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். நடுவர் அவர்களே, அந்த 'இறை'யைத் தொடாமல் அவரை ஒரே ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.