ஊரைச் சேர்த்து வைப்பது திண்ணையா? திரையா? – திரை அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், பனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மார்த்தாண்டத்து மக்களுக்கும் வணக்கம்.

இந்தப் பட்டிமன்றத்தில் திரைக்காக, அதாவது நம் கையில் இருக்கிற போனுக்காகப் பேச எனக்கு எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேச நிறைய எடுத்து வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி சார் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேச மனசு வரவில்லை. என்ன சொன்னார்? "சார்ஜ் இருந்தால் உறவு, தீர்ந்தால் துறவு! இதுதான் இவர்களுடைய வாட்ஸாப் பாசம்" என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள். நல்ல வரிதான். கை தட்ட வேண்டிய வரிதான். ஆனால் உண்மையா?

அதற்குச் சாட்சியாக 2021 அக்டோபர் 4-ஆம் தேதியைச் சொன்னார். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸாப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் நின்றுபோயின. அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்கள் இணைப்பைப் பராமரிக்கப் போய் ஒரு கட்டளை தவறாகப் போட்டார்கள், உலகம் முழுக்க அவர்களுடைய கணினிகள் துண்டிக்கப்பட்டன, திரும்பி வர ஆறு மணி நேரம் போல ஆனது. "அந்த ஆறு மணி நேரத்தில் எந்த உறவு வாழ்ந்தது?" என்று கேட்கிறார். சார், அந்த ஆறு மணி நேரத்தில் நம்மில் பாதிப் பேர் நன்றாக உறங்கினோம். காலையில் எழுந்து, "உங்களுக்கு வருதா?" "எனக்கு இப்ப வருது" என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டுவிட்டு வேலைக்குப் போனோம். அதெல்லாம் ஒரு பிரிவா? குமரி மாவட்டத்துக்காரனிடம் வந்து ஆறு மணி நேரத்தைப் பற்றிப் பேசலாமா? நாம் ஒக்கிப் புயலைப் பார்த்தவர்கள்!

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். விடியும்போது அடித்த காற்று உங்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் மரம் முறிகிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மின்கம்பம் வரிசையாகச் சாய்ந்தது. ரோடு முழுக்க மரம். செல்போன் டவர் விழாத இடத்தில்கூட அதற்குக் கரன்ட் இல்லை. டவருக்குக் கீழே இருக்கிற பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் வேண்டும். மரம் கிடக்கிற ரோட்டில் டீசல் எப்படி வரும்? பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டு.

இனிமேல்தான் கதை. எங்கள் தெருவில் நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன், உறவுக்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. ஊரில் இருக்கிறவர்களும், வளைகுடாவில் இருக்கிறவர்களும், பெங்களூரில் நர்ஸாக இருக்கிற பிள்ளைகளும் அதில்தான். அதில் எனக்கு அண்ணன் முறையாகிற ஒருத்தர், குவைத்தில் எண்ணெய் வயலுக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்பில் வேலை. அவர் வீட்டுக்கு எதிர்வீடு எங்கள் சித்தப்பா. அண்ணன் வீட்டு முற்றத்தில் ஒரு அயனி மரம். அது சித்தப்பா வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்து நிற்கும். அதுதான் வழக்கு.

காற்று அடிப்பதற்கு முந்தின நாள், 29-ஆம் தேதி ராத்திரி, குழுவில் சண்டை. அண்ணன் எழுதுகிறார்: "எங்க அப்பா வெச்ச மரம். அதுல ஒரு கொப்பைத் தொட்டா நான் லீவு போட்டுட்டு வருவேன், பாத்துக்கிடுங்க." சித்தப்பா உடனே குரல் செய்தி போடுகிறார்: "வா மக்கா. வந்து எங்க ஓட்டுக்கு மேல ஏறி இருந்து மரத்தைத் தாங்கிப் பிடி." தெருவே சிரித்தது. பத்துப் பேர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, அப்பா அந்த மரத்தை எப்படி நட்டார், எப்படித் தண்ணீர் கோரி ஊற்றினார் என்று நீளமாகப் பேசி அனுப்புகிறார்.

பதில் இல்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

குழுவில் ஒரு செய்தி போட்டால், கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு டிக் விழும். அதனால் ஒற்றை டிக்கையே பார்த்துப் பழகியவர் அவர். எல்லாரும் கேட்டுவிட்டார்கள், கேட்டும் பேசவில்லை என்றுதான் நினைத்தார். கேம்ப்பில் டிவி கிடையாது. வெளிநாட்டில் இருந்த மற்றவர்கள், நமக்கெதற்கு வம்பு என்று சும்மா இருந்துவிட்டார்கள். இவர் எழுதுகிறார்: "ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?" கொஞ்ச நேரம் கழித்து: "சரி, எல்லாரும் சித்தப்பா பக்கம் சேந்தாச்சு போல." அம்மைக்குப் போன் போடுகிறார். அணைந்து கிடக்கிறது. உடனே அதையும் எழுதுகிறார்: "பெத்த அம்மையும் போனை அணைச்சுப் போட்டாச்சு. எனக்கு ஊருல யாரும் இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்."

ராத்திரி ஆகிறது. உறக்கம் வரவில்லை. கோபம் இறங்கிவிட்டது. நடுச்சாமத்தில் எழுதுகிறார்: "சித்தப்பா, நான் பேசினது தப்புதான். மரத்தை வெட்டிடுங்க. கூலி நான் அனுப்புதேன்."

அந்த மரம் அன்று காலையிலேயே விழுந்துவிட்டது மக்களே! சித்தப்பாவின் அடுக்களை மேலேயே விழுந்து, ஓடு, உத்திரம் எல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது. விழுந்த மரத்தை வெட்ட குவைத்தில் இருந்து அனுமதி வருகிறது! அந்த அனுமதியும் ஊருக்குள் வர வழியில்லாமல் ஆகாசத்தில் நிற்கிறது!

மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே லீவு. ரியாத்தில் இருக்கிற மச்சான் குழுவில் கேட்கிறார்: "ஊருக்கு யாருக்காவது லைன் கிடைக்கா? புயலாமே?" அப்போதுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிகிறது. அதற்கப்புறம் அவர் போட்ட செய்தியில் மரம் இல்லை, வழக்கு இல்லை. "சித்தப்பா, அம்மையை ஒண்ணு பாருங்க." "யாராவது அம்மை வீட்டுப் பக்கம் போங்க." "யாராவது ஒரு எழுத்து போடுங்க." இதையே திரும்பத் திரும்ப.

நாட்கள் போயின. மார்த்தாண்டத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு பேக்கரி. நம்மில் எத்தனையோ பேர் அங்கே போய் நின்றோம். கேக் அடுக்கி வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் கொத்துக் கொத்தாகச் சார்ஜர். சித்தப்பாவும் போய்த் தன் போனைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. சிக்னலும் வந்தது. அவ்வளவுதான், டிங் டிங் டிங் என்று நிற்காமல் அடிக்கிறது. போய்ச் சேராத செய்தியை வாட்ஸாப் முப்பது நாள் வரைக்கும் வைத்திருந்து கொடுக்கும். ஒன்றுவிடாமல் வந்து இறங்குகிறது. சித்தப்பாவிடம் கண்ணாடி இல்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் நீட்டினார்: "மக்கா, என்ன எழுதியிருக்குன்னு வாசி. சத்தமா வாசி, ஜெனரேட்டர் சத்தத்துல காது கேக்கல."

பையன் வாசிக்கிறான். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறது. "ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?" கடை சிரிக்கிறது. "எல்லாரும் சித்தப்பா பக்கம் சேந்தாச்சு போல." இன்னும் சிரிக்கிறது. "மரத்தை வெட்டிடுங்க, கூலி நான் அனுப்புதேன்." பேக்கரிக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து சிரிக்கிறார். புயலுக்கு அப்புறம் அந்தக் கடையில் முதல் சிரிப்பு அதுதான். பையன் அடுத்ததை வாசிக்கிறான்: "சித்தப்பா, அம்மையை ஒண்ணு பாருங்க." சிரிப்பு குறைகிறது. "யாராவது ஒரு எழுத்து போடுங்க." ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா போனை வாங்கி, பொத்தானை அமுக்கிப் பேசினார்: "லே மக்கா, மரம் விழுந்துட்டு. கூலி மிச்சம். எங்க அடுக்களை போச்சு. அம்மைக்கு ஒரு கீறல்கூட இல்ல. மரம் விழுந்த அண்ணையிலயிருந்து எங்க வீட்டுலதான் இருக்காவ. முற்றத்துல அடுப்புக் கூட்டிக் கஞ்சி வைக்கோம். இப்பம் குடிச்சிட்டு உறங்குதாவ. நீ பேடிக்காத."

குவைத் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? அண்ணன் பிறகு லீவில் வந்தபோது சொன்னார். அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலையாளி, அவருக்குப் பாதி புரியும். அதற்கடுத்த கட்டிலில் ஒரு வங்காளி, அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. இவர் அழுவதைப் பார்த்து இரண்டு பேரும் எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எதைக் கேட்டு அழுதார் என்று நினைக்கிறீர்கள்? அம்மை சுகமாக இருக்கிறாள் என்பதற்கு இல்லை. "கூலி மிச்சம்" என்றாரே, அதற்குத்தான். அடுக்களை போன மனுஷன் நம்மிடம் தமாஷ் பேசுகிறார், அப்படியென்றால் நம்மை விட்டுவிடவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறுதியானது.

இதோ, எதிரணி சார் கை தட்டுகிறார். எதற்கென்று தெரியும். கஞ்சி ஊற்றியது திண்ணைதானே, எதிர்வீடுதானே என்கிறார். ஆமாம் சார், எதிர்வீடுதான். யார் மறுத்தது? ஆனால் அந்தக் கஞ்சி குவைத்துக்குத் தெரிந்தது எதனால்? பிள்ளை அங்கே சோறு இறங்காமல் கிடக்கிறான், அம்மை இங்கே வயிறு நிறைய உறங்குகிறாள், இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது எது? நம் மாவட்டத்தில் ஒரு ஆளாவது வெளியில் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது? திண்ணையில் ஆள் இல்லாத வீட்டுக்காரனைத் திண்ணைக்கு வா என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்?

சார்ஜ் தீர்ந்தால் துறவு என்றீர்களே. சார்ஜ் தீர்ந்த அந்த நாட்களில் துறந்தவர் யார்? மரத்தின் மேல் ஏறி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஜெனரேட்டர் இருக்கிற இடம் தேடிப் போனார்களே, செல்பி எடுக்கவா போனார்கள்?

ஊருக்குக் கரன்ட் வந்த அன்று எங்கள் குழுவில் ஆஜர் எடுத்தார்கள். பெங்களூர்ப் பிள்ளை ஒருத்திதான் ஆரம்பித்தாள்: "இருக்கவங்க எல்லாம் பேர் போடுங்க. என்னென்ன போச்சுன்னும் போடுங்க." வரிசையாக வந்தது. "வாழை முந்நூறு மூடு போச்சு. நாங்க இருக்கோம்." "ரப்பர் முழுசும் போச்சு. ஆட்டுக்குட்டி உண்டு." "வீட்டுக்குள்ள தண்ணி, பிள்ளையோட புஸ்தகம் நனைஞ்சுட்டு." ஒரு மைனி எழுதினாள்: "எங்க அத்தை சனிக்கிழமை இறந்துட்டாவ. யாருக்கும் சொல்ல முடியல. அடக்கம் முடிஞ்சுட்டு." மஸ்கட்டில் இருந்த பேரன் அதைப் படித்துத்தான் பாட்டி போனதைத் தெரிந்துகொண்டான். அன்று ராத்திரி முழுக்க அந்தத் தெரு, ஏழெட்டு நாட்டில் இருந்துகொண்டு, ஒரே இடத்தில் விழித்திருந்தது. யார் வீட்டுக்குத் தார்ப்பாய் வேண்டும், யாருக்கு மருந்து வேண்டும் என்று விடிவதற்குள் கணக்கு முடிந்தது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்கு வாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சூரை மீனும் சுறாவும் பிடிக்கிற ஆட்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு எவ்வளவோ முன்னால் போனவர்கள். கரையை விட்டுத் தூரம் போய்விட்டால் வயர்லெஸ் எட்டாது. அவர்களில் பலர் படகோடு காற்றில் தள்ளிக்கொண்டு போய் லட்சத்தீவிலும், குஜராத்திலும், மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலும் கரையேறினார்கள். "உயிரோட இருக்கேன்" என்ற சொல் எதில் வந்தது? யாரோ கொடுத்த ஒரு செல்போனில் வந்தது. கோயில் முற்றத்தில் கூடி நின்ற பெண்கள், ஒருத்தி வீட்டுக்காரன் பேசினால் அத்தனை பேரும் காதைக் கொடுத்தார்கள், தன் வீட்டு ஆளின் பெயரையும் சொல்லிவிட மாட்டானா என்று.

வராதவர்களும் உண்டு. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆட்களைத் தேடித் தாருங்கள் என்று கேட்டார்களே, அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருந்தாள். அவள் தன் மாப்பிள்ளையின் எண்ணுக்கு இன்றைக்கும் காசு போடுகிறாள். போடாமல் விட்டால் அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். வீட்டில் எல்லாருடைய போனிலும் அவர் பெயர் அப்படியே இருக்கிறது, ஒருத்தரும் அழிக்கவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது மதிப்பெண்ணை அப்பாவின் எண்ணுக்குத்தான் முதலில் அனுப்பினாள். அது போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். சார், உங்கள் வரியை அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? உங்களுக்கு வராது. நீங்கள் நல்ல மனுஷர்.

2019-இல் நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்கு எச்சரிக்கை அனுப்புகிற கருவி வந்தது. அது போனோடு சேர்ந்து வேலை செய்யும், ஆனால் கேட்கத்தான் முடியும். இப்போது பதில் சொல்லவும் முடிகிற கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு படகு விடாமல் எல்லாப் படகுக்கும் அது வேண்டும். திண்ணைக்குத் தீர்ப்புக் கொடுத்தால் அந்தப் படகுக்காரனுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? திரைக்கே தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே. கடலுக்குப் போன ஆளுக்காகக் காத்திருக்கிற அத்தனை பெண்கள் சார்பாகவும் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.