கூட்டம் வந்தாத்தான் கம்ப்ரெசர் ஓடும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மேடைக்கு ஒரு வணக்கம். கீழே பாய் விரிச்சு, பேரன் பேத்தியை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு ரெண்டு வணக்கம். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல நாலு நிமிஷத்தை வணக்கத்துக்கே செலவழிச்ச எதிரணி அண்ணன் இப்போ சோடா குடிச்சுக்கிட்டிருக்கார். நிதானமா குடிங்கண்ணே, உங்களுக்கு வேலை இருக்கு.

தலைப்பு என்ன? 2025 மே மாசம் ஜனங்களைத் தியேட்டருக்கு இழுத்தது பெரிய படமா, சின்னப் படமா? அண்ணன் பெரிய படம்னாரு. மே 1, வியாழக்கிழமை, மே தின லீவு. அன்னைக்கு ரெட்ரோ வந்துச்சு. சூர்யா, கார்த்திக் சுப்புராஜ், சந்தோஷ் நாராயணன். கனிமா பாட்டை விசிலடிச்சே காட்டினார். எனக்கும் பிடிச்ச இடம்தாங்க அது. கல்யாண மண்டபத்துக்குள்ள ஏறக்குறைய பதினஞ்சு நிமிஷம் வெட்டே இல்லாம ஒரே ஓட்டம். ஆட்டம், ஊடல், அடிதடி எல்லாத்தையும் அந்தக் கேமரா ஒரே மூச்சுல சுத்தி வருது. அதுல ஒருத்தர் ஒரு அடி தப்பா வச்சாலும் மறுபடி முதல்ல இருந்து எடுக்கணும். அதுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டுவேன். ஆனா அதுக்கப்புறம் படம் தீவுக்குப் போகுதே, போனது சீக்கிரம் கரை திரும்பிச்சா? ரெண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டின படம். நாயகனுக்குச் சிரிக்க வராதுங்கிறது கதை. ரெண்டாம் பாதியில அது நமக்கும் ஒட்டிக்கிச்சு.

இந்த அளவுக்கு நானும் அண்ணனும் சண்டையில்லாமத்தான் இருந்தோம். அப்புறம் ஒண்ணு சொன்னார் பாருங்க. "சின்னப் படத்துக்கு வந்ததெல்லாம் ஒரு கூட்டமா? அக்னி நட்சத்திர வெயிலுக்கு ஏசி தேடி வந்த கூட்டம்யா அது"ன்னார். நீங்களும் கைதட்டுனீங்க. முதல் வரிசை மஞ்சப் புடவை அம்மா, நீங்களே தட்டுனீங்க, நான் பார்த்தேன்.

தலைப்பு கொஞ்சம் ஓரமா இருக்கட்டும் நடுவர் ஐயா. ஏசியைப் பத்திப் பேசிட்டு வந்துடுறேன்.

அண்ணே, தியேட்டர் ஏசி நம்ம வீட்டுப் பொட்டி ஏசி மாதிரி கிடையாது. அங்கே ப்ளோயர் தனி, கம்ப்ரெசர் தனி. ப்ளோயர் காத்தைத் தள்ளும், அவ்வளவுதான். குளிர வைக்கிறது கம்ப்ரெசர், கரண்ட் பில்லைத் தின்கிறதும் அதுதான். ஷோவுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஹாலைக் குளிர வைக்க ஆரம்பிக்கணும். ஏன்னா ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர் உடம்புல இருந்து 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு கிளம்பும். 600 பேர் வந்தா 600 குண்டு பல்பு. கதவைத் திறந்து கூட்டத்தை விட்டப்புறம் ஏசியைப் போட்டா, இன்டர்வெல் வரைக்கும் எல்லாரும் டிக்கெட்டால விசிறிக்கிட்டுத்தான் இருக்கணும்.

இப்போ அண்ணன் சொன்ன ஆளைக் கூப்பிடுவோம். வெயில் தாங்காம, யாரு படம்னுகூடப் பார்க்காம, ஏசிக்குன்னே டிக்கெட் எடுத்துட்டு உள்ளே போறார். உள்ளே மொத்தம் 28 பேர். மேனேஜர் எட்டிப் பார்க்கிறார். இருபத்தெட்டு பேருக்கு ஏசி முழுசா ஓடுனா டிக்கெட் காசு கரண்டுக்கே பத்தாது. டைட்டில் முடிஞ்சு இருபது நிமிஷத்துல கம்ப்ரெசரை நிறுத்துடாங்கிறார். ப்ளோயர் மட்டும் ஓடும். சத்தம் வரும், குளிர் வராது! இன்டர்வெல்ல நாலு பேர் போய்ச் சண்டை போட்டா ஒரு பத்து நிமிஷம் போடுவாங்க. ஊர்ப் பக்கத் தியேட்டர்ல வியர்த்துக்கிட்டே படம் பார்த்தவங்க கை தூக்குங்க. பார்த்தீங்களா, எத்தனை கை!

ஆக, ஏசிக்காகக் கூட்டம் வரலண்ணே. கூட்டம் வந்ததாலதான் ஏசியே ஓடுச்சு. மஞ்சப் புடவை அம்மா, இப்போ இந்தப் பக்கம் தட்டுங்க.

சரி, அந்தக் கூட்டம் எந்தப் படத்துக்கு வந்துச்சு? அதே மே 1ஆம் தேதிதான் டூரிஸ்ட் ஃபேமிலியும் வந்துச்சு. சசிகுமார், சிம்ரன். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இப்போ ஒரு சின்ன ஊர்த் தியேட்டர் மேனேஜர் மேசைக்கு வாங்க. 3 ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு 4 ஷோ, மொத்தம் 12. பெரிய படத்தை எம்.ஜி. போட்டு எடுத்திருப்பார். எம்.ஜி.ன்னா குறைந்தபட்ச உத்தரவாதம். கூட்டம் வந்தாலும் வராட்டாலும் கட்டின பணம் திரும்பாது. பர்சன்டேஜ்ல எடுத்தா, முதல் வாரம் நூத்துக்கு எழுபது ரூபா வரைக்கும்கூட வினியோகஸ்தர் பங்குன்னு கேட்பாங்க. போட்ட பணத்தை நாலு நாள் லீவுக்குள்ள எடுத்தாகணும்னா பன்னெண்டுல ஒன்பது ஷோவைப் பெரிய படத்துக்குத்தான் குடுப்பார். சின்னப் படத்துக்குக் கிடைக்கிறது சின்ன ஸ்கிரீன், வேகாத வெயில்ல நூன் ஷோ. அது அவர் குத்தமில்ல, கணக்கு அப்படி.

ஆனா திங்கட்கிழமைன்னு ஒண்ணு இருக்கு. வியாழன் லீவு, வெள்ளி ரசிகர், சனி ஞாயிறு குடும்பம். நாலு நாள் கூட்டத்தை வச்சு எந்தத் தியேட்டர்காரரும் படத்தை எடை போட மாட்டார். திங்கட்கிழமை நூன் ஷோவுக்கு எத்தனை டிக்கெட் கிழிஞ்சுதுன்னுதான் பார்ப்பார். டூரிஸ்ட் ஃபேமிலிக்கு ரெண்டாவது வாரம் ஷோவைக் கூட்டினாங்கண்ணே. குறைக்கல, கூட்டினாங்க. சின்ன ஸ்கிரீன்ல இருந்து பெரிய ஸ்கிரீனுக்கு மாத்துறதுன்னா சும்மா இல்ல. டிஜிட்டல் படத்தைத் திறக்கிற உரிமக் கீ, அதாவது சாவி மாதிரி ஒரு ஃபைல், படம் ஓட்டுற ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியா வரும். எந்த ஸ்கிரீன், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு அதுக்குள்ளேயே பூட்டியிருக்கும். புதுக் கீ வராம ஸ்கிரீனை மாத்துனா திரை கறுப்பாத்தான் நிக்கும். அவ்வளவு மெனக்கெட்டு மாத்துனாங்கன்னா காரணம் இல்லாமலா?

அண்ணன் மாமன் படத்தையும் கிண்டல் பண்ணார். மே 16, வெள்ளிக்கிழமை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் அன்னைக்குத்தான்! காலையில பிள்ளை அழுதான், சாயங்காலம் அவனைக் கூட்டிட்டு மாமனுக்குப் போனா குடும்பமே அழுதுச்சு. சூரி நல்லாப் பண்ணியிருந்தார், ஆனா ரெண்டாம் பாதியில கைக்குட்டையைப் பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்துட்டாங்க. அது குறைதான், மறைக்க மாட்டேன். அந்தப் படம் ஓடணும்னு மதுரையில மண்சோறு சாப்பிட்ட ரசிகர்களைச் சூரியே கண்டிச்சாரு, அதுக்கு நூறு மார்க் குடுக்கலாம். அதே நாள்ல டிடி நெக்ஸ்ட் லெவல். விமர்சனம் பண்றவன் படத்துக்குள்ளேயே மாட்டிக்கிறான், வெளிய வர வழி தெரியல. அருமையான யோசனை. பாதிக்கு மேல நாமளும் மாட்டிக்கிட்டோம், நமக்கும் வழி தெரியல. லெவன் படமும் அன்னைக்குத்தான், விறுவிறுப்பான துப்பறியும் படம், நெரிசல்ல நசுங்கிருச்சு. 23ஆம் தேதி ஏஸ். விஜய் சேதுபதி மலேசியாவுக்குப் போனார், கூட்டம் ஏர்போர்ட்டோட நின்னுருச்சு.

இப்போ ஒரு கதை சொல்றேன். ஒரு குடும்பஸ்தர். வீட்டுல அவர், சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க, மாமியார். மே 1ஆம் தேதி. பையன் சூர்யா படம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். ஆப்பைத் திறந்தா ரெட்ரோவுக்கு முதல் வரிசை மட்டும்தான் காலி. மாமியாருக்குக் கழுத்து வலி. முதல் வரிசையில உட்கார வச்சா மூணு மணி நேரம் அண்ணாந்து பார்க்கணும், அப்புறம் மூணு மாசம் வைத்தியம் பார்க்கணும். பக்கத்து ஸ்கிரீன்ல டூரிஸ்ட் ஃபேமிலிக்கு ஜி வரிசையில அஞ்சு சீட்டு சேர்ந்தாப்ல இருக்கு. "யாரு நடிச்சது?"ன்னார். "சசிகுமார்"னு சொன்னாங்க. மனுஷன் போனைக் கீழே வச்சுட்டுச் சொன்னார்: "அப்போ யாராவது செத்துடுவாங்க."

கவனிச்சுக்கோங்க. யாராவது செத்துடுவாங்க!

டிக்கெட் 190 ரூபாய்க்குப் பக்கம். அஞ்சு பேருக்குத் தொள்ளாயிரத்தைம்பது, ஆப்புக்கு மொய் தனி. உள்ளே போனா பாப்கார்ன் டப்பா டிக்கெட்டை முறைச்சுப் பார்க்குது. மாமியார் முறுக்குப் பொட்டலத்தை முந்தானையில முடிஞ்சு கொண்டுபோய், சோதனை பண்ற பொண்ணுகிட்ட "மாத்திரைம்மா"ன்னு சொல்லி உள்ளே போயிட்டாங்க. படம் ஆரம்பிச்சுது. சம்சாரம் கேட்டுச்சு, "எப்படிங்க?" "இரு, யாராவது செத்துடுவாங்க." ராமேஸ்வரத்துல ராத்திரியில படகுல இருந்து இறங்குது ஒரு ஈழத் தமிழ்க் குடும்பம். போலீஸ் பிடிச்சுது. "பார்த்தியா, செத்தாங்க." சாகல. சின்னப் பையன் பேசியே தப்பிக்க வச்சுட்டான், தியேட்டரே சிரிக்குது. சென்னையில ஒரு காலனிக்கு வந்தாச்சு, எம்.எஸ். பாஸ்கர் வீட்டுல குடியேறியாச்சு. இன்டர்வெல். வெளியே பையன் கேட்கிறான், "அப்பா, இன்னும் யாரும் சாகலையே?" "இருடா, சசிகுமார் படம்!"

ரெண்டாம் பாதி. அந்தக் காலனியில ஒரு வயசான தம்பதி. அந்தப் பாட்டி இறந்துடுறாங்க.

மனுஷன் சொன்னது பலிச்சுது. ஆனா ஜெயிச்சேன்னு திரும்பிப் பார்க்கத் தெம்பில்ல. ஏன்னா தனியா நிக்கிற அந்தப் பெரியவருக்கு, நேத்து வந்த அந்த அகதிக் குடும்பம் மொத்தக் காலனியையும் திரட்டிக் கொண்டுவந்து நிறுத்துது. பக்கத்து வீட்டுல யார் இருக்கான்னே தெரியாம இருந்தவங்க, பாடையைத் தூக்குறாங்க. ஜி வரிசையில மாமியார் முறுக்குப் பொட்டலத்தைக் கையிலயே வச்சிருக்காங்க, பிரிக்கல. பையன் அவங்க தோள்ல சாஞ்சுட்டான்.

அண்ணன் இப்போ எழுந்து, சூர்யா ரெட்ரோ லாபத்துல இருந்து, பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற தன்னோட அகரம் அறக்கட்டளைக்கு 10 கோடி குடுத்தாரேன்னு கேட்பார். குடுத்தார். எத்தனையோ பிள்ளைங்க படிக்கும், அந்தக் கைக்கு நானும் கும்பிடு போடுறேன். அதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்லண்ணே. இப்போ நான் சொல்றது வாதமும் இல்ல.

மே 31ஆம் தேதி ரெட்ரோ ஓடிடிக்கு வந்துருச்சு. ஜூன் 2ஆம் தேதி டூரிஸ்ட் ஃபேமிலி வந்துச்சு. பள்ளிக்கூடம் திறந்ததும் அதே ஜூன் 2தான். பிள்ளைங்க பையைத் தூக்கிட்டுப் போயாச்சு. பெரியவங்க வீட்டுல தனியா. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அஞ்சு பேரும் ஒரே வரிசையில உட்கார்ந்து, ஒரே நேரத்துல சிரிச்சு, ஒரே நேரத்துல மூக்கைத் துடைச்சது அந்த மே மாசத்துல ஒரு தடவைதான். அந்தக் கிழவிக்கு மருமகன் பக்கத்துல உட்கார்ந்ததே அன்னைக்குத்தான்.

படம் முடிஞ்சு அந்த மனுஷன் வீட்டுக்கு வந்தார். மூணாவது மாடி, லிஃப்ட்ல எதிர்வீட்டுக்காரர் நிக்கிறார். பதினோரு வருஷமா எதிரெதிர் வீடு. தலையாட்டுறதோட சரி. லிஃப்ட் மேல போகுது. ஒண்ணு. ரெண்டு. கதவு திறக்கப் போற நேரத்துல இவர் கேட்டாராம்: "சார், உங்க பேரு என்னங்க?"

நடுவர் ஐயா மணி அடிச்சுட்டார். வணக்கத்துல மிச்சம் பிடிச்ச நாலு நிமிஷமும் தீர்ந்துபோச்சு. வர்றேங்க.