பாராபுல்லா ஓரத்துல ஒரு விருத்தாசலம்

(கடலூர் மஞ்சக்குப்பத்துல போன ஞாயித்துக்கிழமை பேசினதை எழுதித் தரச் சொன்னாங்க. பேசின மாதிரியே தர்றேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மொத மொதல்ல டெல்லி போனதைப் பத்தி பேசுங்க டீச்சர்னாங்க. நான் போனது 2018 ஜனவரி, அப்ப எனக்கு 51 வயசு, அதுக்கு முன்னாடி திருப்பதியத் தாண்டி வடக்க போனதே இல்ல. பையன் வேலை கெடச்சு ஜங்புராவுல ரூம் எடுத்திருந்தான். சென்ட்ரல்ல ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுனேன், விஜயவாடா, நாக்பூர், போபால்னு 2,200 கிலோமீட்டர் கிட்ட, ரெண்டு ராத்திரி. ஆக்ரா தாண்டி விடிஞ்சும் ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, அப்படி ஒரு பனிமூட்டம், வண்டி நின்னு நின்னு போய்ச் சேர மத்தியானம் ஆயிடுச்சு. நம்ம மார்கழிக்குத் தலைல ஒரு துண்டக் கட்டிக்கிட்டா போதும், அங்க காலைல 5, 6 டிகிரி, குழாய்த் தண்ணில கை வச்சா எலும்பு வரைக்கும் வலிக்குது.

செங்கோட்டை பாத்தேன், ஜும்மா மசூதி பாத்தேன், குதுப்மினார் 73 மீட்டர், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். எல்லாம் அழகுதான், ஆனா அதெல்லாம் போட்டோலயே நீங்க பாத்திருப்பீங்க, நான் சொல்ல வந்தது வேற.

மூணாவது நாள் காலைல பையன் ஆபீஸ் போய்ட்டான், பாத்திரம் வெளக்க ஒரு அம்மா வந்தாங்க. எங்கிட்ட இந்தில என்னமோ கேட்டாங்க, எனக்குப் புரியல, தலைய மட்டும் ஆட்டுனேன். கொஞ்ச நேரத்துல அவங்களுக்கு ஒரு போன். "ஏ இன்னாடி, ஸ்கூலுக்குக் கெளம்பினியா இல்லியா, குண்டான்ல சோறு இருக்கு பாரு"ன்னு ஒரு சத்தம்! நான் அடுப்பங்கரைக்கு ஓடுனேன், எந்த ஊரும்மா நீங்கன்னு கேட்டா, "விருத்தாசலம் பக்கம்க்கா"ன்னாங்க. ரெண்டு பேரும் அப்படியே தரைல உக்காந்துட்டோம். அந்தக் குளிர்ல ஐஸ் மாதிரி இருந்த அவங்க கையப் புடிச்சுக்கிட்டு நான் அழுதுட்டேன், ஏன்னு இப்பவும் எனக்கு சரியா சொல்லத் தெரியல.

அவங்களுக்கு மானாவாரி நெலம் ஒண்ணரை ஏக்கர், மழை இருந்தா கடலை, இல்லன்னா ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்ட ஒடைக்கிற வேலை. அந்தத் தோல்ல இருக்கற எண்ணெ பட்டா கை வெந்துபோகும், சாம்பலத் தொட்டுத் தொட்டு ஒடைப்பாங்க, உங்கள்ல பல பேருக்குத் தெரியும். புருஷன் வாங்குன கடன அடைக்கறதுக்காக டெல்லி வந்து கோத்தி வேலைல சேந்தாங்க, அங்க வீட்டு வேலைய அப்படித்தான் சொல்றாங்க. ஒரு நாளைக்கு 5 வீடு. பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுஷி, இந்திய வீடு வீடா பாத்திரம் வெளக்கியே கத்துக்கிட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மதராசி கேம்ப்னு பேரு, நிஜாமுதீன் ஸ்டேஷன் கிட்ட பாராபுல்லா வாய்க்கால் ஓரம். பக்கத்துலயே ஜஹாங்கீர் காலத்துப் பாலம், 12 தூணு, அதனாலதான் பாராபுல்லான்னு பேராம். சந்துக்குள்ள நொழைஞ்சா வாசல்ல கோலம், ரேடியோல நம்ம பாட்டு, இட்லி மாவு விக்கறாங்க, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, நம்ம மாவட்டம்னு எல்லாரும் ஊர் பேரச் சொல்லிச் சொல்லி எங்கிட்ட வர்றாங்க, மழை பேஞ்சுதா டீச்சர், ஏரி ரொம்புச்சான்னு. 40, 50 வருஷமா அங்க இருக்கற குடும்பமெல்லாம் உண்டு. கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுத்துட்டு, "அடுத்த தடவ வரும்போது முதுநகர் கருவாடு கொண்டாங்கக்கா, இங்க கெடைக்கறது வாயிலயே வைக்க முடியல"ன்னாங்க. சரின்னுட்டு வந்தேன்.

நான் மறுபடி போறதுக்குள்ள அந்த எடமே இல்ல. வாய்க்கால் அடைச்சு மழைத்தண்ணி வெளிய போகலன்னு கோர்ட் உத்தரவு வந்து, 2025 ஜூன் 1ந்தேதி மொத்தமா இடிச்சுட்டாங்க, 370 வீடு கிட்ட. அதுல 189 குடும்பத்துக்குத்தான் மாத்து வீட்டுக்குத் தகுதின்னாங்க, அதுவும் நரேலாவுல, நகரத்தோட வடக்கு ஓரத்துல. வாய்க்கால தூர்வாரணும், அத யாரும் வேணாங்கல. ஆனா காலைல 6 மணிக்கு ஜங்புராவுல பாத்திரம் வெளக்கணும்னா நரேலாவுலேருந்து ஒரு பொம்பள எத்தன மணிக்குக் கெளம்பணும், அத யாராவது ஒருத்தர் கணக்குப் போட்டுப் பாத்திருக்கணும்ல? எனக்கு அதுல இன்னும் ஆறல.

அந்த அம்மாவுக்கு மாத்து வீடு கெடைக்கல, ஒத்த ரூம்ல வாடகைக்கு இருக்காங்க, அதே வீடுகளுக்குத்தான் போறாங்க. சின்னப் பையன மட்டும் பாட்டிகிட்ட இங்க அனுப்பிட்டாங்க. ஏழாவது படிக்கறான், நல்லா தமிழ் பேசுறான், இந்தி எழுதுவான், தமிழ்ல அவன் பேரக்கூட எழுத வரல. அவன் மாதிரி நாலு பசங்க அந்தப் பக்கம் இருக்காங்க. நான் சனிக்கெழம சனிக்கெழம காலைல 7 மணி பஸ்ல விருத்தாசலம் போறேன். இன்னும் ரெண்டு பேர் வந்தா கணக்கும் இங்கிலீஷும் பாத்துக்கலாம், வர முடியறவங்க கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட பேர் குடுத்துட்டுப் போங்க.