சமையலறையில் பாடி, நாடாவில் பரவிய பாட்டு

வணக்கம் நண்பர்களே. சோவியத் ஒன்றியத்தில் தணிக்கைக்குத் தப்பி உலவிய பாடல்களைப் பற்றி இந்தக் காணொளியில் பேசுகிறேன். அங்கே அச்சகம், வானொலி, மேடை எல்லாமே அரசின் கையில் இருந்தன. 1964இல் இசைத்தட்டு வெளியீடும் ‘மெலோதியா’ என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், ஒருவர் நண்பரின் சமையலறையில் உட்கார்ந்து கிதாரைத் தட்டியபடி பாடிய பாட்டு, அவரைப் பார்த்தே இராத தொலைதூர ஊர்க்காரர்களுக்கு மனப்பாடமாகிப் போனது எப்படி?

பலர் இந்தக் கதையை லெனின்கிராடின் எக்ஸ்ரே தட்டுகளிலிருந்து தொடங்குவார்கள். மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளையிட்டு, அவற்றில் பாட்டைப் பதிந்து 1940களின் இறுதியில் ரகசியமாக விற்றார்கள். அதற்காக 1950இல் சிறைக்குப் போன ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி, ஸ்டாலின் இறந்தபின் வெளியே வந்து மறுபடியும் அதே தொழிலைத் தொடங்கினார். விலா எலும்பு தெரியும் தட்டு பார்க்க வசீகரமானதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் ஒலித்தவை ஜாஸும், நாட்டைவிட்டுப் போனவர்களின் காதல் பாட்டுகளும்தான். அதைக் கள்ளச்சந்தை என்று சொல்வேனே தவிர, எதிர்ப்பு இயக்கம் என்று சொல்லத் தயங்குவேன்.

பாட்டின் போக்கை மாற்றியது, ஒலியை நாடாவில் பதியும் டேப் ரெக்கார்டர். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பூட்டி வைத்துக் காவல் காத்த அதே அரசு, 1960களில் ‘யாவுசா’ போன்ற ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களைத் தன் தொழிற்சாலைகளிலேயே செய்து, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்படி கடைகளில் விற்றது. இரண்டு இயந்திரங்களை இணைத்தால் ஒரு பிரதி கிடைத்துவிடும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று. பிரதி பெருகப் பெருக இரைச்சலும் கூடும். இந்தப் பாடகர்களிடம் இசை எளிமையாகவும் சொல் அழுத்தமாகவும் இருந்தது பழுதான பதிவுக்கும் தாக்குப்பிடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது: வாத்தியக்குழுவின் நயமெல்லாம் ஐந்தாவது பிரதியில் காணாமல் போகும், தெளிவாக உச்சரித்த ஒரு வரி போகாது. இதைவிட முக்கியமானது, கேட்டவரே அங்கே வெளியீட்டாளராகவும் ஆனார் என்பது. எந்த அலுவலகத்தை மூடினாலும் நிற்காத வெளியீடு அது. 1966இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, சோவியத் அமைப்பை இழிவுபடுத்தும் பொய்களை வாய்மொழியாகத் தொடர்ந்து பரப்பினாலும் மூன்றாண்டு வரை சிறை என்றது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டின் அலமாரியையும் எந்தக் காவல்துறையால் சோதித்துத் தீர்க்க முடியும்?

இப்படி நாடாவில் பரவிய பாடகர்களின் வரிசையில் முதலில் வருபவர் கவிஞர் புலாத் ஒக்குத்ழாவா. அவருடைய தந்தை 1930களில் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், தாய் கட்டாய உழைப்பு முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தார். இருந்தும் அவர் பாட்டுகளில் கோஷம் கிடையாது. தனிமனிதனின் துக்கத்தைத் தாழ்ந்த குரலில் பாடியதே அணிவகுப்புப் பாடல்களுக்கு நடுவில் சங்கடமாக இருந்தது.

அலெக்சாந்தர் காலிச் வேறு வகை. நாடகமும் திரைக்கதையும் எழுதி வசதியாக வாழ்ந்தவர் அவர். நேரடியாக மோதுவதைத் தானே தேர்ந்துகொண்டார். 1968 மார்ச்சில், சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க் அருகே விஞ்ஞானிகள் வாழும் அகதெம்கரதோக்கில் நடந்த பாட்டு விழாவில், ‘டாக்டர் ஷிவாகோ’ நாவலை எழுதிய கவிஞர் பாஸ்தர்னாக்கின் நினைவாகத் தான் எழுதிய பாட்டைப் பாடினார். 1958இல் பாஸ்தர்னாக்கை எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றக் கை தூக்கியவர்களைப் பெயர் சொல்லி நினைவில் வைப்போம் என்கிறது அந்தப் பாட்டு. அது ஆட்சியாளரை ஏசுவதை விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கை தூக்கிய சக எழுத்தாளர்களைச் சுட்டியதுதான் என்னைப் பொறுத்தவரை அதன் கூர்மை. 1971 டிசம்பரில் அதே சங்கம் காலிச்சையும் வெளியேற்றியது. பிழைப்புக்கு வழியடைபட்ட நிலையில் 1974இல் நாட்டை விட்டுப் போனவர், 1977இல் பாரிஸில் மின்சாரம் தாக்கி இறந்தார்.

விளாதீமிர் விசோத்ஸ்கியோடு அரசு வேறு விதமாக நடந்துகொண்டது. மாஸ்கோவின் தாகன்கா நாடக அரங்கின் புகழ்பெற்ற நடிகரான அவரைச் சிறையில் போடவும் இல்லை, கவிஞராக ஏற்கவும் இல்லை. அவர் பாட்டுகளில் மிகச் சிலவே தட்டாக வந்தன, மற்றவை நாடாவிலேயே சுற்றின. 1980 ஜூலை 25 அன்று, மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, அவர் இறந்தார். பத்திரிகைகள் அநேகமாக மௌனம் காத்தன. இருந்தும் பல்லாயிரம் பேர் அரங்கின் முன் திரண்டார்கள். 1987இல் அவருக்கு அரசு விருதே கொடுத்தார்கள். அவருடைய கச்சேரிப் பதிவுகளை ‘மெலோதியா’ வரிசையாகத் தட்டுகளில் வெளியிடத் தொடங்கியது.

கேட்க விரும்புபவர்களுக்கு என் யோசனை இது. காலிச் வெளியேறிய பின் நார்வேயில் ஸ்டூடியோவில் பதிந்த தட்டு சுத்தமாக ஒலிக்கும். அதற்கு முன் அவருடைய வீட்டுப் பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும், பாட்டுக்கு நடுவே எந்த இடத்தில் அறை சிரிக்கிறது என்று கவனித்து, பிறகு அந்த வரியின் பொருளைப் பாருங்கள்.