கேமரா எருக்குழிக்கு வருவதில்லை

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் சமூகத் தோட்டம் நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் இளையர்களே, அனைவருக்கும் வணக்கம். மைக்கைச் சரிசெய்த தம்பிக்கும், வெளியே போண்டாவோடு காத்திருக்கும் மகளிர் குழுவுக்கும் தனி வணக்கம்.

அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள். விவசாயத்தைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அகல உழுகிறார்கள். தொழிற்சாலைப் பண்ணை என்றால் வில்லன், இயற்கைப் பண்ணை என்றால் கதாநாயகன். படப்பிடிப்பு, பணம், இசை என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் படப்பிடிப்பு. ஒரு கோழிக் கொட்டகை. தூரத்தில் நின்று, தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுங்கள். முன்னால் நிற்கும் கோழியும் பத்து மீட்டர் பின்னால் நிற்பதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் தெரியும். அதே கொட்டகைக்குள், அகலமாகக் காட்டும் 24 மில்லிமீட்டர் லென்ஸோடு போங்கள். இடையில் தரை தெரியும். கோழி ஒன்றுகூடக் குறையவில்லை! பகல் வெளிச்சத்தில், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பான வெள்ளைச் சமநிலையை மஞ்சள் மின்விளக்குக்கான 3,200 கெல்வினில் வைத்தால் எல்லாம் நீலம் பாய்ந்து பிணவறை மாதிரி ஆகிவிடும். இயற்கைப் பண்ணைக்கு மட்டும் மஞ்சள் வெயில் விழும்வரை காத்திருப்பார்கள். கோழிகளின் நெரிசல் பொய் என்று நான் சொல்லவில்லை. சதுர மீட்டருக்கு எத்தனை கோழி என்று திரையில் ஒரு வரி போடுங்கள் என்கிறேன்.

இப்போது ஒரு கதை. 2018இல் வந்த 'தி பிக்கஸ்ட் லிட்டில் ஃபார்ம்' படத்தில், கலிபோர்னியாவில் ஒரு கணவனும் மனைவியும் சுமார் 200 ஏக்கர் நிலத்தை எடுத்துப் பண்ணை வைக்கிறார்கள். கோழி வளர்த்தால் கயோட்டி வந்து அடிக்கிறது. கயோட்டி நரிக்குத் தம்பி முறை. மரம் நட்டால் கோஃபர் என்ற வளை எலி வேரைக் கடிக்கிறது. பழம் பழுத்தால் பறவை. எலுமிச்சையில் நத்தை. இயற்கையோடு இணங்கி வாழ வந்த மனிதர் கடைசியில் துப்பாக்கியை எடுத்து ஒரு கயோட்டியைச் சுட்டேவிட்டார். பிறகுதான் உறைக்கிறது: அதே கயோட்டிதான் மரத்தடியில் கோஃபரையும் பிடித்துத் தின்கிறது. நாயைக் காவல் வைத்தார், கோழி பிழைத்தது. வாத்துகளைத் தோப்புக்குள் விட்டார், நத்தை ஒழிந்தது. ஆந்தைக்குக் கூடு கட்டினார், எலி குறைந்தது. அரங்கமே கைதட்டும் படம்தான். ஆனால் இறுகிக் கிடந்த அந்த மண்ணை எழுப்பியது, மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் மூடுபயிரும் மண்புழு உரமும். திரையில் கயோட்டிக்குக் கிடைத்த இடம் புழுவுக்குக் கிடைக்கவில்லை. ஆழ உழ வேண்டிய இடம் அதுதான்!

நம் சிங்கப்பூர்ப் பண்ணைகளைப் படம் பிடிக்க வருபவர்களுக்கு, கட்டடத்துக்குள் கீரை வளர்க்கும் ஊதா வெளிச்சம் போதும். சிவப்பும் நீலமுமான எல்இடி விளக்கு, அவ்வளவுதான். பலமாடிக் கார்நிறுத்தக் கூரையில் பூச்சிமருந்தே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்ப்பவர் எந்தப் பக்கம், வில்லனா கதாநாயகனா? வேர் நிற்கும் உரக்கரைசல் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்ஸிஜன் குறைந்து வேர் பழுப்பாகி அழுகும். அதை எடுக்க எவரும் வருவதில்லை.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் ஊரில் காய்கறித் தோலை எரிக்க அனுப்புகிறோம். ஒவ்வொரு சமூகத் தோட்டத்திலும் ஓர் எருப்பெட்டி வேண்டும். அதற்குத்தான் கையெழுத்து வாங்குகிறோம். ஈரக் கழிவு ஒரு வாளி, காய்ந்த இலை மூன்று வாளி. குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் சூடு தங்கும். உள்ளே 55 டிகிரி மூன்று நாளாவது நிற்க வேண்டும், நோய்க்கிருமியும் களை விதைகளில் பலவும் சாக. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் விழ வேண்டும். நெடி மூக்கைக் குத்தினால் ஈரக் கழிவு அதிகம், இலை சேருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை, புரட்டுங்கள். மேலே மூடி கட்டாயம். நம்ம ஊர் மழை ஒரே மாலையில் சேறாக்கிவிடும். மூடியில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், சரிவாக வையுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பணத்தையும் இசையையும் போண்டா சாப்பிடும்போது கேளுங்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெட்டிக்கு இடம் இருக்கும் தோட்டத்தார் புளோக் எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.