பாசிவ் மிக்ஸர்: கரண்ட் எங்கே போகிறது?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சிஆர் 2032 பட்டன் பேட்டரி]

வணக்கம். இந்த பேட்டரிக்குள் இருப்பது சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. ஒரு ப்ளூடூத் ரிசீவர் நிறுத்தாமல் 5 மில்லியாம்பியர் இழுத்தால், இரண்டு நாள்கூடத் தாங்காது. ரிசீவரில் கரண்டைக் கேட்கும் இடங்கள் பல. இன்று மிக்ஸரை மட்டும் பார்ப்போம்.

[காட்சி: ஆண்டெனா, பெருக்கல் குறி போட்ட வட்டம், எல்ஓ]

கச்சேரி மேடையில் இருக்கும் மிக்ஸர் ஒலிகளைக் கூட்டும். ரேடியோ மிக்ஸர் பெருக்கும். ஆண்டெனாவில் வருவது 2402 மெகாஹெர்ட்ஸ். ப்ளூடூத் லோ எனர்ஜியின் 40 சேனல்களில் முதலாவது. சிப்புக்குள் லோக்கல் ஆஸிலேட்டர், சுருக்கமாக எல்ஓ, 2400-இல் ஓடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 4802-ம் 2-ம் கிடைக்கும். பெரியதை வடிகட்டிவிட்டு, அந்த 2 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொள்கிறோம்.

மின்னணுப் பொறியாளர் பாரி கில்பர்ட் 1968-இல் வெளியிட்ட சுற்று இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது. அழகான சுற்றுதான். ஆனால் அதில் டிரான்சிஸ்டர்கள் மாடிமேல் மாடியாக நிற்கின்றன. 1 வோல்ட் சப்ளையில் அத்தனை மாடிக்கும் உயரம் போதாது. கரண்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

[காட்சி: நான்கு மாஸ்ஃபெட் சுவிட்சுகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்கின்றன]

பாசிவ் மிக்ஸரில் வெறும் சுவிட்சுகள்தான். அவற்றின் வழியே டிசி கரண்ட் ஓடாததால் ஃப்ளிக்கர் இரைச்சலும், அதாவது தாழ் அதிர்வெண்ணில் எழும் இரைச்சலும், மிகக் குறைவு. சுழற்சியில் பாதி நேரம் சுவிட்சை மூடி, அதாவது இணைத்து, வைத்தால் சிக்னலில் 3.9 டெசிபல் இழப்பு. அப்போது ஐ, கியூ என்ற, 90 டிகிரி கட்ட வேறுபாடுள்ள இரண்டு பாதைகளும் ஒரே நேரத்தில் இணைந்து ஒன்றையொன்று இழுக்கும். கால் பங்கு நேரம் மட்டும், முறைவைத்து மூடினால் எந்த நொடியிலும் ஒரு பாதைதான் இணைந்திருக்கும். இழப்பு 0.9 டெசிபலுக்கு இறங்கும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

[காட்சி: கேட் மின்தேக்கம் நிரம்பிக் காலியாகிறது]

இப்போது கணக்குக்கு வருவோம். சுவிட்சுகளின் கேட்டை, அதாவது அவற்றை இயக்கும் முனையை, ஒவ்வொரு சுழற்சியிலும் யாரோ நிரப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது எல்ஓ டிரைவர். மொத்தம் 100 ஃபெம்டோஃபாரட், 1 வோல்ட், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 0.24 மில்லிவாட். மிக்ஸர் சேமித்ததை எல்ஓ டிரைவர் செலவழிக்கிறது! சுவிட்சை அகலமாக்கினால் அதன் மின்தடையும் இரைச்சலும் குறையும், ஆனால் டிரைவரின் சுமை ஏறும். வோல்டேஜை 0.7-க்கு இறக்கினால் செலவு பாதியாகும், ஆனால் சுவிட்ச் முழுதாக மூடாமல் மின்தடை கூடும். கால் பங்கு அலையை உருவாக்க ஆஸிலேட்டரை 4.8 கிகாஹெர்ட்ஸில் ஓட்டி இரண்டால் வகுத்தால், அந்த டிவைடருக்கும் தனிச் செலவு.

அதனால் ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் ‘மிக்ஸர்: பூஜ்யம் மில்லிவாட்’ என்று பார்த்ததும், நான் அடுத்துத் தேடுவது எல்ஓ டிரைவருக்கான வரியைத்தான்.