மாத்திரை ஒருத்தருக்கு மட்டும் போட்டா பத்தாது

வணக்கம்ங்க. மும்பையில தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்னு எங்க இருந்து கேட்டாலும் வெட்கத்த கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு கேளுங்க, நான் பேச வந்தது பால்வினை நோய் பத்தி.

என்கிட்ட வர்ற நம்மாளுங்க பெரும்பாலும் "டாக்டர், சூடு புடிச்சிருக்கு, ஒன்னுக்கு போனா எரியுது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள மோர், இளநீர் எல்லாம் குடிச்சுப் பாத்திருப்பாங்க, மெடிக்கல்ல கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பாங்க, எரிச்சல் கொஞ்சம் அடங்கி திரும்ப வந்திருக்கும், ஜட்டியில மஞ்சளா சீழ் பட்ட அப்புறம்தான் வந்து நிப்பாங்க. இது பெரும்பாலும் வெட்டை, அதாவது கொனோரியா, கூடவே கிளமிடியாங்கற இன்னொரு பால்வினை நோயும் இருக்கலாம். அதான் ரெண்டுக்கும் சேத்தே மருந்து. அரசு ஆஸ்பத்திரியில பால்வினை நோய்க்குன்னே இருக்கற சுரக்ஷா கிளினிக்ல, சாம்பல் கலர் பொட்டலத்துல போட்டு காசில்லாம குடுக்கறாங்க, ஒரே வேளையில முழுங்கிடலாம்.

சரி, வீட்ல இருக்கறவங்க? "அவளுக்கு ஒன்னும் இல்லயே டாக்டர்"ம்பாங்க. பொம்பளைங்களுக்கு நிறைய பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாதுங்க, ஆனா கிருமி உள்ள ஏறி கர்ப்பப்பை குழாய அடைச்சு, குழந்தை இல்லாம போற வரைக்கும் கொண்டு விடும். இவர் மட்டும் மருந்து சாப்ட்டா மறுபடி அங்கேர்ந்து இவருக்கே தொத்தும். அதனால நோய் பேரே போடாம ஒரு சீட்டு எழுதித் தர்றேன், அத காட்டி கூட்டிட்டு வாங்கன்னு சொல்றேன், ரெண்டு பேரும் மருந்து எடுத்து ஒரு வாரம் ஒன்னு சேராம இருக்கணும். யார் யாருக்கு குடுத்தான்னு தயவுசெஞ்சு சண்டை போடாதீங்க, கிளமிடியா மாசக்கணக்கா சத்தமில்லாம இருக்கும், யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது.

சிஃபிலிஸ்னு இன்னொரு பால்வினை நோய், அது இன்னும் மோசம். புண்ணு வலிக்காது, தானாவே ஆறிடும், ஆனா நோய் உடம்புலயே இருக்கும். கர்ப்பிணிக்கு இருந்தா குழந்தை வயித்துலயே இறந்துடலாம். ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சா 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின், ஒரே ஒரு நாள் ஊசி, அவ்ளோதான்! இத்தன மலிவான மருந்து இருந்தும் குழந்தைங்க போறத என்னால தாங்கிக்க முடியல.

புண்ணு இருக்கற எடத்துல ஹெச்ஐவி சுலபமா நுழையும், அதனால பால்வினை நோய்னு வர்ற எல்லாரையும் ஐசிடிசிக்கு, அதாவது ஹெச்ஐவி ஆலோசனையும் டெஸ்டும் பண்ற அரசு மையத்துக்கு அனுப்பறேன், அங்க டெஸ்ட் இலவசம். இன்னிக்கு நெகட்டிவ்னு வந்தாலும் 3 மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடுங்க. பாசிட்டிவ்னா பயந்து ஊருக்கு ஓடிடாதீங்க, ஹெச்ஐவிய அடக்கி வெக்கற ஏஆர்டி மாத்திரை அரசாங்கமே இலவசமா குடுக்குது, பெரும்பாலானவங்களுக்கு தினம் ஒன்னு போதும், விடாம சாப்ட்டு ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு கொறஞ்சு அப்படியே இருந்துச்சுன்னா உறவு மூலமா துணைக்கு பரவாது. ஹெச்ஐவி இருக்குன்னு வேலைய விட்டு தூக்கறது, சம்மதம் இல்லாம வெளிய சொல்றது எல்லாம் 2017 ஹெச்ஐவி சட்டப்படி தப்பு.

காண்டம் கிழிஞ்சுடுச்சா, இல்ல யாராவது பலாத்காரம் பண்ணிட்டாங்களா, 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, 28 நாள் மாத்திரை போட்டா ஹெச்ஐவிய பெரும்பாலும் தடுத்துடலாம். அந்த 72 மணி நேரம் கடைசி கெடு, எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது, அதனால ராத்திரின்னாலும் கேஷுவல்டிக்கே போங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா அரசாங்க எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடுங்க, காசு கிடையாது.